ஒற்றியோலையும் மீட்புரிமையும்

வீட்டையோ நிலத்தையோ ஈடாக வைத்துப் பொருள் பெற்றவன், பின்னர் அக்கடன் செல்லாது என்று கூறி மன்றம் ஏறுதல் இன்று நேற்றுத் தோன்றிய செய்தியன்று. ஆவணம் என்னும் ஒன்று தோன்றிய அன்றே அதனை மறுப்பானும் தோன்றினான் எனலாம். அங்ஙனம் மறுப்பவன் எழுப்பும் வினாக்கள் காலந்தோறும் பெரிதும் மாறவில்லை. இவ்வோலை மெய்யானதா? இதனை எழுதித் தந்தவனுக்கு எழுதித் தரும் தகுதி இருந்ததா? இதில் கண்ட பொருள் உண்மையில் கைமாறியதா? இவையெல்லாம் மெய்யாயினும், வீடு எந்நாளில் உடையவன் கையை விட்டு முற்றும் நீங்குகிறது? இவற்றுள் இறுதி வினாவே கடினமானது. சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் நீதிமன்றங்களை அலைக்கழித்ததும் அவ்வினாவே. அவ்வரலாற்றைத் தமிழ் ஆவண வழக்கின் பின்னணியில் வைத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் சொல்லைக் காண்போம். ஈடாக வைத்த பொருளைக் கடன் கொடுத்தவன் தன் கையிற் கொண்டு, வட்டிக்கு மாறாக அதன் பயனை நுகர்ந்து வருவது ஒற்றி. ஈட்டுப் பொருள் உடையவனிடமே இருக்க, வட்டி தனியே ஏறுவது அடைமானம். ஒற்றியைப் போக்கியம் என்றும் வழங்குவர். பேச்சு வழக்கில் இச்சொற்கள் ஒன்றற்கொன்று மாறி வருதல் உண்டேனும், வழக்கு மன்றத்தில் இவ்வேறுபாடு உயிர்நிலையானது. ஒற்றியில் வட்டி வளர்வதில்லை. ஆகவே, பட்ட கடன் எவ்வளவு என்னும் பூசல் அங்குப் பெரும்பாலும் எழுவதில்லை. எப்பொழுது மீட்கலாம் என்பதே பூசலாகும். யாழ்ப்பாணத்துத் தேசவழமை இதற்குச் சான்று. ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்சு என்பார் தொகுக்க, தமிழ் முதலியார் பன்னிருவர் பார்த்து ஒப்ப, 1707ஆம் ஆண்டு வெளியிடப்பெற்ற அந்நூல் ஒற்றியைப் பற்றித் தனியே பேசுகின்றது. விளைவுக் காலத்தை ஒட்டியே மீட்புக்குரிய பருவம் அதன்கண் வகுக்கப்பெற்றது. பயிர் நிலத்தில் நிற்க, ஒற்றி வைத்தவன் பணத்தோடு வந்து நின்றால் ஒற்றி கொண்டவன் உழைப்பு வீணாகுமன்றோ? ஒற்றியூர் என்னும் பெயரில் இப்பொருள் தொனிப்பதை நம் புலவர் விட்டு வைக்கவில்லை. இராமலிங்க அடிகளார் இங்கிதமாலையில் அப்பெயரை வைத்துச் சிலேடை ஆடுதலைக் கற்றோர் அறிவர். அடைமானத்தில் நிலை வேறு. வீட்டிலேயே இருந்துகொண்டு, ஆண்டுதோறும் வட்டி ஏறக் காண்பவனுக்கே ஆவணத்தை மறுக்கும் எண்ணம் மிகுதியும் எழும்.

ஆவண மறுப்பு வழக்கொன்றன் முழு நடைமுறையையும் தமிழில் நமக்குக் காட்டுவது பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணம். 12ஆம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் சோழர் ஆட்சியில் அமைச்சராய் இருந்தவர் என்னும் செய்தியை மனத்திற்கொண்டு அப்பகுதியைப் பயில வேண்டும். அது பத்திச் சுவை மிக்க பகுதி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்காலச் சபையின் வழக்காராயும் முறை அதனுள் பிசகின்றிப் பதிந்துள்ளது. அங்கு வழக்கு வீட்டைப் பற்றியதன்று, ஆளைப் பற்றியது. முதியவர் காட்டிய ஆளோலையை நம்பியாரூரர் பறித்துக் கிழித்தார். கிழிந்தது படியோலையே என்றும், மூலவோலை தம்மிடம் உண்டென்றும் முதியவர் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் கூறினார். அந்தணர் பிறர்க்கு அடிமையாதல் உலகில் இல்லை என்பது சபையார் எழுப்பிய முதல் தடை. இதனை இக்கால வழக்கறிஞர், இத்தகைய ஒப்பந்தம் சட்டத்திற்கே ஒவ்வாது என்னும் வாதமாகக் கொள்வர். அதன் பின்னரே, ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றால் மெய்ப்பிக்க என்று சபை பணித்தது. யாஞ்ஞவல்கியர் கூறும் எழுத்து, நுகர்ச்சி, சாட்சி என்னும் மூவகைச் சான்றோடு இவை முற்றும் ஒத்தல் காண்க. மூலவோலையைக் கரணத்தான் வாங்கிப் படித்தான். சாட்சியாகக் கையெழுத்திட்டோர் எழுத்துகள் ஒப்பு நோக்கப்பட்டன. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலை காப்பிலிருந்து வருவிக்கப்பட்டு, இரண்டும் ஒரு கையின என்று துணியப்பட்டது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டம் 73ஆம் பிரிவில் கையெழுத்து ஒப்பீட்டுக்கு வகுத்த முறையும், மூலத்திற்கும் படிக்கும் அச்சட்டம் கற்பித்த வேறுபாடும் இதனின் வேறல்ல. அச்சட்டம் 2024ஆம் ஆண்டு சூலை 1ஆம் நாளோடு நீங்கிப் புதிய சட்டம் வந்தபோதும் இவ்விதிகள் நிலைத்தே உள்ளன.

இவ்வளவு நுணுகி ஆராய்ந்த சபை ஒன்றனை மட்டும் வினவவில்லை. பாட்டனார் தம்மையும் தம் வழியினரையும் எழுதிக் கொடுத்ததற்கு ஈடாக யாது பெற்றார் என்பதே அது. ஓலையின் வாசகத்திலும் அச்செய்தி இல்லை. இறைவனோடு செய்த உடன்படிக்கைக்குக் கைப்பொருள் கேட்பது பொருந்தாது என்று சேக்கிழார் கருதியிருத்தல் கூடும். ஆனால் அவர் காலத்து மெய்யான ஆவணங்கள் இச்செய்தியில் காட்டும் கவலை வியப்பை விளைப்பது. சோழர் கல்வெட்டுகளில் வரும் நிலவிலை ஆவணங்களைப் படிப்போர், விற்றவர் பொருளை ஆவணக்களியே காட்டேற்றிக் கைச்செலவறக் கொண்ட செய்தி மீண்டும் மீண்டும் வருவதைக் காண்பர். காசு ஆவணக்களரியில் பலர் அறியக் காட்டப்பட்டுக் கைமாறியது என்பது அதன் கருத்து. அதனோடும் அமையாது, இதுவே பொருள்மாவறுதிப் பொருட்செலவோலை என்றும், இதுவல்லது வேறோர் ஓலை காட்டக் கடவர் அல்லர் என்றும் எழுதுவர். இத்தொடர் வெறும் வாய்பாடு என்று கடந்து செல்வோர் உளர். பின்னாளில் எவனும் பொருள் பெறவில்லை என்றோ, மிச்சம் உண்டென்றோ சொல்லிக் கிளம்பலாகாது என்பதற்காகவே ஒவ்வொரு சொல்லும் அதன்கண் இடப்பட்டது. ஆவணத்தின் ஒவ்வொரு வாய்பாட்டுக்கும் பின்னால் ஒரு பழைய வழக்கு மறைந்து நிற்கும் என்று கொண்டால் பெரும்பாலும் தவறாகாது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வினாக்கள் புதிய சட்டங்களின் வழியே மீண்டும் எழுந்தன. எழுதித் தந்தவனது தகுதி, கைமாறிய பொருளின் அளவு என்னும் இரண்டும் ஒருங்கே வந்த வழக்கொன்று கல்கத்தாவில் நிகழ்ந்தது. இந்தியாவில் சட்டம் பயிலும் மாணவர் எவரும் அதனை அறியாமல் தேறுவதில்லை. தர்மதாஸ் கோஷ் என்னும் இளைஞர் தமக்குரிய வீடுகளை ஈடு காட்டி, 1895ஆம் ஆண்டு சூலை 20ஆம் நாள் பிரம்ம தத்தர் என்னும் வட்டிக் கடைக்காரருக்கு அடைமான ஆவணம் எழுதித் தந்தார். ஆவணத்தில் கண்ட தொகை 20,000 ரூபாய். வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டு. உண்மையில் கொடுக்கப்பட்ட தொகை எவ்வளவு என்பதிலேயே இருதிறத்தாரும் மாறுபட்டனர். பிரம்ம தத்தர் அப்போது ஊரில் இல்லை. அவருடைய வழக்கறிஞர் கேதார்நாத் மித்தரே எல்லாவற்றையும் முடித்தார். ஆவணம் எழுதப்படுவதற்கு ஐந்து நாள் முன்னர், சூலை 15ஆம் நாள், இளைஞரின் தாயார் சார்பில் பூபேந்திரநாத் பாசு என்னும் வழக்கறிஞர் மித்தருக்கு ஒரு கடிதம் விடுத்திருந்தார். தாயார் நீதிமன்றத்தால் அமர்த்தப்பட்ட பாதுகாவலர்; ஆதலின் 1875ஆம் ஆண்டுச் சட்டப்படி இளைஞர் உரிய வயதினர் ஆவது இருபத்தொன்றில்; அவ்வயது இன்னும் நிரம்பவில்லை; கடன் கொடுப்போர் தம் பொறுப்பிலேயே கொடுக்க வேண்டும் என்பன அதன் சாரம். கடிதம் தம்மை அடையவே இல்லை என்று மித்தர் மறுத்தார். அடைந்தது என்பதற்குரிய சான்று உறுதியானது என்று நீதிமன்றம் கண்டது.

அதற்கு இரண்டு திங்கள் கழியுமுன்னரே, செப்டம்பர் 10ஆம் நாள், தாயாரைத் துணையாகக் கொண்டு இளைஞர் வழக்குத் தொடுத்தார். தமக்கு வயது நிரம்பிற்று என்று இளைஞரே ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட்டிருந்தமையால், இனி மறுக்கலாகாது என்பது கடன் கொடுத்தவர் வாதம். உண்மையை இருதிறத்தாரும் அறிந்திருந்த இடத்தில், ஒருவர் பொய்யுரையால் மற்றவர் ஏமாந்தார் என்பது பொருந்துமா? பொருந்தாது என்றே தீர்ப்பாயிற்று. பிரம்ம தத்தர் இடையில் இறந்தார். அவருக்குப்பின் உரியோர் பிரிவி கௌன்சில் வரை சென்றனர். 1903ஆம் ஆண்டு, உரிய வயது நிரம்பாதவர் செய்த ஒப்பந்தம் தள்ளத்தக்கது என்ற அளவில் நில்லாது, தொடக்கம் முதலே இல்லாதது என்று அம்மன்றம் கூறியது. கொடுத்த பணத்தைத் திருப்பித் தருமாறு பணிக்கவும் அது மறுத்துவிட்டது.

இத்தீர்ப்பைப் பலர் இளைஞர்க்கு அளித்த காவலாகப் புகழ்வர். புகழ்ச்சி தகும், எனினும் வழக்கின் ஒரு பக்கம் இன்னும் நெருடலாகவே உள்ளது. பணத்தில் ஒரு பகுதியேனும் இளைஞர் கைக்கு வந்தது மெய். வீடும் அவருக்கு, பணமும் அவருக்கு. கடிதம் வந்தும் வராதது போல் இருந்த வழக்கறிஞரின் செயல்தான் மன்றத்தின் மனத்தைக் கடினமாக்கியது என்று எண்ண இடமுண்டு. பிற்காலத்தில் லாகூர் உயர்நீதிமன்றம் 1928இல் பொருளைத் திருப்பச் செய்யலாம் என்றும், அலகாபாத் உயர்நீதிமன்றம் 1937இல் அது கூடாதென்றும் மாறுபட்டுக் கூறின. 1963ஆம் ஆண்டின் தனிநிவாரணச் சட்டம் 33ஆம் பிரிவில், பெற்ற பயன் அளவுக்குத் திருப்பித் தரச் செய்யலாம் என்று விதித்த பின்னரே இந்நெருடல் ஓரளவு தீர்ந்தது.

இனிச் சென்னை மாகாணத்துக்கு வருவோம். இங்கு வீட்டையும் நிலத்தையும் ஈடு வைத்தோர் எழுதிய ஆவணங்களில் ஒருவகை, இன்ன கெடுவுக்குள் பணம் திரும்பாவிடில் இதுவே கிரயச் சாசனம் ஆகுக என்று முடியும். இதனை நிபந்தனைக் கிரயம் என்பர். கெடு தப்பிய மறுநாள் வீடு யாருடையது? ஆவணத்தின் சொல்லை அப்படியே கொண்டால் கடன் கொடுத்தவனுடையது. ஆனால் நூறு பெறும் வீட்டை நாற்பதுக்கு ஈடு வைத்தவன், ஒருநாள் பிந்தியமையால் அறுபதையும் இழத்தல் நீதியா? இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே சமநீதி மன்றங்கள் இதற்கு விடை கண்டன. கெடு கடந்தாலும் பணம் கட்டி மீட்கலாம் என்பதே அவ்விடை. ஒருமுறை அடைமானமாயின் என்றும் அடைமானமே என்று அதனைச் சுருக்கி உரைப்பர். வங்காளத்திலோ 1806ஆம் ஆண்டின் 17ஆம் ஒழுங்குவிதி, கெடு கடந்த பின்னும் அறிவிப்புத் தந்து ஓராண்டுக் காலம் மீட்க வழி செய்தது. சென்னையில் அத்தகைய ஒழுங்குவிதி ஒன்றும் இல்லை. ஆகவே ஆவணச் சொல்லே சட்டமாக நின்றது.

1858ஆம் ஆண்டு சென்னைச் சதர் நீதிமன்றம் இந்நிலையை மாற்றியது. சட்டம் இயற்றப்படவில்லை, நீதிபதிகளே ஆங்கிலச் சமநீதியைத் துணையாகக் கொண்டு, கெடு கடந்தாலும் மீட்கலாம் என்று கூறிவிட்டனர். 1862இல் நிறுவப்பெற்ற உயர்நீதிமன்றமும் அவ்வழியே நடந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் இவ்வாறு சென்றன. மாகாணம் முழுதும் ஈடு வைத்தோரும் வாங்கியோரும் இப்புதிய நெறியை நம்பியே ஆவணம் எழுதினர் என்று கொள்ளலாம். 1870ஆம் ஆண்டு பட்டாபிராமையர் வழக்கில் பிரிவி கௌன்சில் இந்நெறியின் வேரையே அறுத்தது. கட்சிக்காரர் செய்துகொண்ட உடன்படிக்கையை அதன் சொற்படியே நிறைவேற்றுவது நீதிமன்றத்தின் கடமை. சட்டமோ, நாட்டு வழக்கோ துணையில்லாத இடத்தில் நீதிபதி தம் கருணையால் ஒப்பந்தத்தைத் திருத்த இயலாது என்றது அது.

இங்கு நாம் சற்றுத் தங்கி எண்ண வேண்டும். முறைப்படி நோக்கினால் பிரிவி கௌன்சில் கூறியதில் குறை காண்டல் அரிது. சட்டம் இயற்றும் வேலையை நீதிபதிகள் தாமே மேற்கொண்டால், நாளை வேறொரு நீதிபதி வேறொன்று இயற்றுவார். ஆயினும் அதன் விளைவு யாது? 1858க்குப் பின்னர்க் கெடு கடந்தும் கலங்காதிருந்த வீட்டுக்காரர் அனைவரும் ஒரே நாளில் வெறுங்கையர் ஆகும் நிலை வந்தது. பழைய சட்டத்தை நம்பியவரைச் சதர் மன்றம் ஏமாற்றியது. புதிய நெறியை நம்பியவரைப் பிரிவி கௌன்சில் ஏமாற்றியது. இதனை அம்மன்றமே விரைவில் உணர்ந்தது. 1875ஆம் ஆண்டு தம்புசாமி முதலியார் வழக்கில், தன் முந்தைய கருத்தைக் கைவிடாமலே, 1858க்குப் பின் எழுதப்பெற்ற ஆவணங்களுக்குச் சென்னை நெறியைப் பின்பற்றுதற்கு வலிய காரணம் உண்டு என்று குறித்தது. அதனோடு, சட்டமன்றத்திற்கு ஒரு வழியும் காட்டியது. நீதிமன்ற நடவடிக்கையால் முற்றுப்பெறும் வரை மீட்புரிமையை நிலைநாட்டுக. கடன் கொடுத்தவனுக்கு அந்நடவடிக்கை எடுக்க வழி தருக. பழைய சட்டப்படி முன்னரே முற்றுப்பெற்ற உரிமைகளைக் குறித்த நாளொன்றை வைத்துக் காத்திடுக என்பது அவ்வழி. தீர்ப்பெழுதுவோர் சட்டமன்றத்துக்கு இத்துணைத் தெளிவாக வரைவு காட்டுதல் அருகியே நிகழும்.

1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 60ஆம் பிரிவில் மீட்புரிமையை நாட்டியது. கட்சிக்காரர் செயலாலோ நீதிமன்றத் தீர்ப்பாலோ முடிந்தாலன்றி அவ்வுரிமை அழியாது என்று ஆயிற்று. அதனோடு பூசல் தீர்ந்ததா? இல்லை. அடைமானம் என்று எழுதினால் மீட்புரிமை தொடரும் என்று கண்ட கடன் கொடுப்போர், விற்பனை என்றே எழுதி வாங்கத் தொடங்கினர். கிரயச் சாசனம் ஒன்று. இன்ன நாளுக்குள் பணம் தந்தால் திரும்ப விற்பேன் என்னும் உடன்படிக்கை வேறொன்று. இரண்டையும் சேர்த்தால் அடைமானம், பிரித்தால் விற்பனை. வீட்டுக்காரன் மன்றத்தில் நின்று, நான் விற்கவே இல்லை, கடன்தான் வாங்கினேன் என்று கதறினாலும், எழுத்துக்கு மாறாக வாய்மொழிச் சான்று செல்லாது என்று 1899இல் பிரிவி கௌன்சில் கூறியிருந்தது. 1929ஆம் ஆண்டுத் திருத்தம் இம்மயக்கத்தைத் தீர்க்கப் புகுந்து, திரும்ப விற்கும் நிபந்தனை அதே ஆவணத்தில் இருந்தாலன்றி அது அடைமானம் ஆகாது என்று விதித்தது. நீதிமன்றங்களுக்கு இது தெளிவைத் தந்தது. எழுதப்படிக்கத் தெரியாத வீட்டுக்காரனுக்கோ இரண்டாம் காகிதமே பகையாயிற்று. ஒரே ஆவணத்தில் இரண்டும் வந்து, பொருள் ஐயுறத்தக்கதாய் இருப்பின், எழுதியோர் உட்கிடக்கையைச் சொற்களினின்றும் சூழ்நிலையினின்றும் கண்டறிக என்று இந்திய உச்சநீதிமன்றம் 1954இல் சுஞ்சுன் ஜா வழக்கில் கூறி, அவ்வாவணத்தை அடைமானம் என்றே கொண்டது.

கடன் மெய்யே எனினும் அது முன்னரே தீர்ந்துவிட்டது என்னும் மறுப்பும் உண்டு. வட்டி முதலினும் மிகலாகாது என்பது மிருதி நூல்களின் கொள்கை. பம்பாய்ப் பகுதியில் நீதிமன்றங்கள் அதனைக் கைக்கொண்டன; சென்னை உயர்நீதிமன்றம் கொள்ளவில்லை. வட்டிக்கு வரம்பு கட்டிய பழைய சட்டங்களும் 1855இல் நீக்கப்பட்டன. பின்னர் 1930ஆம் ஆண்டையொட்டி வந்த விலைவீழ்ச்சியில், ஒரு பங்கு விலைக்கு நெல் விற்று மூன்று பங்கு வட்டி கட்ட வேண்டிய நிலையில் தஞ்சை, கோவை உழவர் நின்றனர். இராசகோபாலாச்சாரியார் அமைச்சரவை இயற்றிய 1938ஆம் ஆண்டின் 4ஆம் சட்டம், 1932 அக்டோபர் 1ஆம் நாளுக்கு முற்பட்ட கடன்களில் நிலுவை வட்டியை முற்றும் தள்ளியது. முதலைப்போல் இருமடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொண்டது. உயர்நீதிமன்றம் ஏற்க மறுத்த மிருதி நெறி இவ்வாறு சட்டமன்றத்தின் வாயிலாக வேறு வடிவில் நுழைந்தது. ஆயினும் உழவர் என்னும் சொல்லுக்கு அச்சட்டம் வகுத்த வரையறை நகர வீட்டுக்காரரை ஒதுக்கிற்று. நகராட்சியில் ஆண்டு வாடகை மதிப்பு 600 ரூபாய்க்குக் குறையாத கட்டடங்களுக்கு வரி கட்டுவோர் நிலம் உடையவராயினும் அதன் பயனைப் பெறார். ஆகவே ஒரே கடன்காரர், தம் நகர வீட்டின் வாடகை மதிப்பு 590 எனின் தப்பினார். 610 எனின் அகப்பட்டார். வீட்டு வரிப் புத்தகம் கடன் வழக்கின் தலைமைச் சான்றாகிய விந்தை அக்காலத்துக்கே உரியது. ஒற்றிகளும் முதலில் விலக்கப்பட்டிருந்தன. 1948ஆம் ஆண்டுத் திருத்தமே அவற்றை உட்கொண்டது.

2002ஆம் ஆண்டு நடுவண் அரசு இயற்றிய ஈட்டுரிமைச் சட்டத்தோடு வழக்கின் திசையே மாறிற்று. அதுவரை கடன் கொடுத்தவன் வாதி; வீட்டுக்காரன் எதிர்வாதி. வங்கி இனி நீதிமன்றம் செல்லாமலே 60 நாள் அறிவிப்புத் தந்து வீட்டைக் கைக்கொள்ளலாம். மறுப்பவனே 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை நாட வேண்டும். முறையிடுவோர் கோரப்பட்ட தொகையில் முக்கால் பங்கை முதலிற் கட்டுக என்று இருந்த விதியை 2004இல் உச்சநீதிமன்றம் செல்லாதென்றது. வீட்டுக்காரர் எழுப்பும் மறுப்புக்கு வங்கி காரணம் காட்டி விடையளிக்க வேண்டும் என்றும் அது கூறியது. அதே ஆண்டு அது சட்டத்திலும் ஏறியது. வேளாண் நிலமும், ஓரிலட்சம் ரூபாய்க்கு மேற்படாத கடனும் இச்சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன.

மீட்புரிமை முடியும் நாள் எது என்னும் பழைய வினா இங்கும் எழுந்தது. ஏலம் முற்றுப்பெற்று உரிமை மாறும் வரை மீட்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2014இல், 60ஆம் பிரிவைத் துணைக்கொண்டு கூறியது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம், ஏல அறிவிப்பு வெளியாகும் முன்னரே முழுத் தொகையும் கட்டப்பட வேண்டும் என்று சொல்லை மாற்றியது. 1882இல் தீர்ப்பு வரை நீண்டிருந்த கெடு இதனால் அறிவிப்பு வரை குறுகிற்று. அறிவிப்பு வெளியான அன்றே கடன்காரரின் மீட்புரிமை அழியும் என்று உச்சநீதிமன்றம் 2023ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் உறுதி செய்தது. வீட்டுக்காரரின் பணம் அதற்குப்பின் ஏலம் முடியுமுன்னரே வந்தாலும் அவ்வுரிமை உயிர்ப்பதில்லை.